வடிகட்டும் கணக்கு

ஏப்ரல், மே வந்தால் திருவண்ணாமலையின் செங்கம் சாலையிலும் போளூர் சாலையிலும் வேட்டவலம் சாலையிலும் ஃபிளெக்ஸ் பேனர்களின் முகம் மாறும். சாமிக்கும் கட்சிக்கும் வைத்த பலகைகள் இறங்கி, மதிப்பெண்ணும் மாணவர் முகமும் அச்சிட்ட பலகைகள் ஏறும். இப்போது அவற்றின் அடியில் இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது: ஆறாம் வகுப்பு முதலே ஃபவுண்டேஷன். ஐஐடி, நீட், ஒலிம்பியாட் என்று கூடவே சில சொற்கள். பதினொரு வயதுப் பிள்ளையின் அப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டு பலகையிலுள்ள தொலைபேசி எண்ணைக் கைபேசியில் பதிந்துகொள்கிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் நம்பும் கருத்தைத்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ‘நல்ல ஸ்கூலில்’ சீட் கிடைத்தால்தான் பிள்ளைக்கு எதிர்காலம். அந்த சீட்டைக் கணக்குத் தேர்வு தீர்மானிக்கிறது. ஆகவே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை அந்தத் தேர்வுக்கான பயிற்சிக் காலமாக மாற்றிவிட வேண்டும். டீக்கடையிலும் ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டால் இதுதான் பதில். முற்போக்காகப் பேசுகிற நண்பர்களும், “ஏழைப் பிள்ளை மேலே வர வேற வழி என்ன இருக்கு?” என்று இதற்கு ஒரு நியாயம் சேர்க்கிறார்கள். அந்த நியாயத்துக்குப் பிறகு வருகிறேன். இந்தக் கருத்தின் பலமான கால் அதுதான்.

ஏன் ஒன்பதாம் வகுப்பு? கல்வி உரிமைச் சட்டம், 2009, எட்டாம் வகுப்பு வரைதான் செல்லும். அதன் 13ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டிப் பார்ப்பதைத் தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும் அடுத்தடுத்த ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம். ஒன்பதாம் வகுப்பு இந்த வேலிக்கு வெளியே இருக்கிறது. அங்கே பள்ளிகள் வெளிப்படையாகவே தேர்வு வைக்கின்றன. ‘அட்மிஷன் டெஸ்ட்’ என்று ஒன்று. அதிக மதிப்பெண் எடுத்தால் கட்டணத்தில் சலுகை தரும் ‘ஸ்காலர்ஷிப் டெஸ்ட்’ என்று இன்னொன்று. சலுகை என்ற பெயரில் நடப்பது ஆள்பிடிப்பு. ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளையை ஒன்பதில் எடுத்துக்கொண்டால், பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் பலகையில் போட முகம் தயார்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைப் பார்த்து ‘பிராய்லர் பள்ளி’ என்ற பெயரை ஊரே சூட்டியது. ஒன்பதாம் வகுப்பில் பத்தாம் வகுப்புப் பாடம், பதினொன்றில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். இதைத் தடுக்கத்தான் 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசு கைவிட்டது. அடுத்த கல்வியாண்டில் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பதினொன்றாம் வகுப்புத் தேர்வும் போய்விட்டது. மேலே கதவை அடைத்தும் திறந்தும் அரசு பார்த்துக்கொண்டிருக்க, வியாபாரம் சத்தமில்லாமல் கீழே இறங்கி ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது.

சரி, அந்த வகுப்பில் சொல்லித்தருவது கணக்குதானே, கூடுதலாகக் கணக்கு படித்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பார்கள். அதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம்.

ஒருவர் ஒரு வேலையை 6 நாளில் முடிப்பார், இன்னொருவர் 12 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பயிற்சி வகுப்பில் இதற்கு ஒரு ஷார்ட்கட் உண்டு. இரண்டையும் பெருக்கு, இரண்டையும் கூட்டு, வகு. 72ஐ 18ஆல் வகுத்தால் 4. விடை சரி, பத்து விநாடிதான் ஆகும். ஓஎம்ஆர் தாளில் ஒரு வட்டம் நிரம்பியது. இப்போது மூன்றாவதாக ஒருவரைச் சேருங்கள். அவர் தனியாகவே 4 நாளில் முடிக்கக்கூடியவர். மூவரும் சேர்ந்தால்? ஷார்ட்கட் மட்டும் தெரிந்த பிள்ளை மூன்றையும் பெருக்கி 288 என்கிறது, கூட்டி 22 என்கிறது, வகுத்து 13 நாளுக்கு மேல் என்கிறது. தனி ஆளாக 4 நாளில் முடிப்பவருக்குத் துணையாக இருவரை அனுப்பினால் வேலை 13 நாளுக்கு இழுக்குமாம்! (அரசு ஒப்பந்த வேலைகளைப் பார்த்தவர்களுக்கு இது சரியாகக்கூடப் படலாம்.) ஆனால் அந்தப் பிள்ளைக்கு விடை உறுத்தவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

ஷார்ட்கட் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? ஒரு நாளில் முதலாமவர் ஆறில் ஒரு பங்கு, இரண்டாமவர் பன்னிரண்டில் ஒரு பங்கு, மூன்றாமவர் நான்கில் ஒரு பங்கு முடிப்பார்கள். கூட்டினால் சரியாகப் பாதி வேலை. அப்படியானால் 2 நாள். இதில் பின்னம் இருக்கிறது, வீதம் இருக்கிறது, ‘ஒரு நாளில் எவ்வளவு’ என்று கேள்வியைத் திருப்பிப்போடும் புத்தியும் இருக்கிறது. பெருக்கி, கூட்டி, வகு என்ற சூத்திரம் பிறந்ததே இந்த வழியில்தான். வழியை மறைத்துவிட்டு விடையை மட்டும் கையில் கொடுக்கும் வேலைக்குத்தான் மாதாமாதம் கட்டணம் கட்டுகிறோம்.

இப்படி இன்னும் எத்தனையோ. ஆங்கில எழுத்துகளின் வரிசை எண்ணுக்கு ‘ஈஜோட்டி’: ஈ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25. முப்பது வரை வர்க்கங்கள், பதினைந்து வரை கனங்கள் மனப்பாடம். கண்ணாடி பிம்பம், எண் தொடர், குறியீட்டு மாற்றம். இவற்றில் சில நல்ல விளையாட்டுகள்; ஓய்வு நேரத்தில் விளையாடினால் நானும் கூடச் சேர்ந்துகொள்வேன். ஆனால் இவை கணக்கு கற்பதற்கு ஈடல்ல. ஆறாம் வகுப்பு முதல் எட்டு வரை ஒரு பிள்ளையின் கணக்கு வாழ்க்கையில் மிகப் பெரிய திருப்பம் நடக்கிறது. அதுவரை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது ஒப்பிடத் தொடங்குகிறது: விகிதம், சதவீதம், குறை எண், எண்ணுக்குப் பதில் எழுத்து. பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்குகிறோம் என்ற கேள்வி இந்த வயதில்தான் வரும். அதை விளக்க ஒரு பீரியடும், ஒரு முழுக்காகிதமும், பொறுமையான ஓர் ஆசிரியரும் வேண்டும். வேகப் பயிற்சி முதலில் பறித்துக்கொள்வது அந்தப் பொறுமையைத்தான்.

நம்முடைய அடிப்படை நிலைமையும் பெருமைப்படும்படி இல்லை. இந்தியக் கிராமப்புறங்களில் எடுக்கப்படும் ஆசர் ஆய்வின்படி, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 100க்கு 45 பேர் அளவில்தான் பல ஆண்டுகளாக நிற்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். பெரும்பாலான பிள்ளைகளிடம் கணக்கைப் பற்றிப் பயமும் தோல்வி உணர்வும் படிந்திருப்பதை முதல் சிக்கலாக அந்தக் குழு பதிவு செய்தது. திறமையுள்ள சிலரையும் ஒதுங்கி நிற்கும் பலரையும் நம் பாடத்திட்டம் ஒருசேர ஏமாற்றுகிறது என்பது அது சொன்ன அடுத்த சிக்கல். நுழைவுத் தேர்வுப் பயிற்சி இரண்டையும் தீர்ப்பதில்லை. முதலாவதை அதிகமாக்குகிறது, இரண்டாவதை மூடி மறைக்கிறது.

இந்த ஊரிலேயே ஒரு கணக்கு கிடக்கிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். மலைப்பக்கம் சித்தர்கள் நடப்பார்கள், நாம் இடது ஓரமாகவே போக வேண்டும் என்பது வழக்கம். வலம் வருகையில் மலை நமக்கு வலப்பக்கம். ஆகவே இடது ஓரம் என்பது வெளி ஓரம். உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் 10 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், சுற்றி முடிப்பதற்குள் நாம் சித்தர்களைவிட எவ்வளவு கூடுதலாக நடந்திருப்போம்? பிள்ளைகளிடம் கேளுங்கள், ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான். பாதையை வட்டம் என்று கொண்டால், ஆரம் 10 மீட்டர் கூடினால் சுற்றளவு கூடுவது அதன் 44/7 மடங்கு, ஏறத்தாழ 63 மீட்டர். அவ்வளவேதான். பாதை 14 கிலோமீட்டராக இருந்தாலும், கோயில் பிரகாரத்தைப் போல் சிறியதாக இருந்தாலும் அதே 63 மீட்டர். இது எப்படி என்று பிள்ளை வியக்கத் தொடங்கும் இடத்தில்தான் கணக்கு தொடங்குகிறது. பாதை சரியான வட்டம் இல்லையே என்று ஒரு பிள்ளை மறித்துக் கேட்டால், அந்த வகுப்பை அன்று விட்டுவிடக்கூடாது. தேவையான பாடமெல்லாம் சமச்சீர்ப் புத்தகத்திலேயே உண்டு. சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்த பி.கே. சீனிவாசன் கைக்குக் கிடைத்த பொருள்களைக்கொண்டு வாழ்நாள் முழுக்க இப்படிக் கணக்கு சொல்லித்தந்தார். அவரிடம் படித்தவர்களை யாரும் வடிகட்டி அனுப்பவில்லை.

பௌர்ணமி இரவில் பாதையோரம் கடை போடும் குடும்பத்துப் பிள்ளை சில்லறையை மனத்திலேயே போட்டுத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பிள்ளை தேர்வுத் தாளில் தடுமாறும். பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2025இல் நேச்சர் இதழில் வந்தது. சந்தைக் கணக்கில் சூரர்களான பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக் கணக்கு தெரிந்த பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவதுதான் நடுநிலைப் பள்ளியின் வேலை. நுழைவுத் தேர்வோ பாலம் இல்லாத இடத்தில் சோதனைச் சாவடியை வைத்துவிட்டு, கடைக்காரர் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது.

அடுத்து அந்த ‘நல்ல ஸ்கூல்’. அங்கே போனால் பிள்ளை உயர்ந்துவிடும் என்பதற்கு எல்லோரும் காட்டும் சான்று ஒன்றுதான்: அங்கே படித்தவர்கள் நல்ல மதிப்பெண் எடுக்கிறார்கள். வடிகட்டி எடுத்த பிள்ளைகள் நல்ல மதிப்பெண் எடுக்காமல் வேறென்ன செய்வார்கள்? அந்தப் பள்ளி அவர்களுக்குக் கூடுதலாக என்ன தந்தது என்று தெரிய வேண்டுமானால், கட்-ஆஃபுக்கு மயிரிழை மேலே நின்று உள்ளே போனவர்களையும் மயிரிழை கீழே நின்று வெளியே தங்கியவர்களையும் ஒப்பிட வேண்டும். பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் தேர்வுப் பள்ளிகளை அப்துல்காதிரொக்லு, ஆங்கிரிஸ்ட், பதக் என்ற மூன்று பொருளியலாளர்கள் அப்படித்தான் ஆராய்ந்தார்கள். ஆங்கிரிஸ்ட் பின்னர் நோபல் பெற்றவர். 2014இல் வெளியான அந்த ஆய்வின்படி, மயிரிழையில் உள்ளே போனவர்களுக்கு மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி எந்த ஆதாயமும் இல்லை. கென்யாவின் புகழ்பெற்ற தேசியப் பள்ளிகளைப் பற்றிய ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ருமேனியாவில் கொஞ்சம் ஆதாயம் தெரிந்தது, மறைக்கவில்லை. அதே ருமேனிய ஆய்வு இன்னொன்றையும் கண்டது: உயர்ந்த பள்ளியில் கடைசியாக நுழைந்த பிள்ளை தன்னைத் தாழ்வாக உணர்ந்தது; பிள்ளை நல்ல பள்ளியில் சேர்ந்துவிட்டது என்று பெற்றோர் வீட்டில் உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இந்தப் போட்டியைக் கடைசிவரை ஓடிப்பார்த்த நாடு தென் கொரியா. அங்கே அறுபதுகளில் நடுநிலைப் பள்ளியில் சேரவே நுழைவுத் தேர்வு. 1964 டிசம்பரில் சியோலில் நடந்த தேர்வில், இனிப்பு மிட்டாய் செய்யும்போது முளைகட்டிய தானியத்துக்குப் பதில் எதைச் சேர்க்கலாம் என்றொரு அறிவியல் கேள்வி. டயஸ்டேஸ் என்பது அதிகாரிகளின் விடை. முள்ளங்கிச் சாறு என்று குறித்த பிள்ளைகளுக்கு மதிப்பெண் இல்லை. ஒரு மதிப்பெண்ணில் பள்ளி போனது. முள்ளங்கியிலும் அதே பொருள் இருக்கிறது என்று தாய்மார்கள் வீட்டிலேயே முள்ளங்கிச் சாற்றில் மிட்டாய் கிளறி, அதைக் கல்வி அலுவலகத்துக்கே கொண்டுபோய் சாப்பிட்டுப் பாருங்கள் என்றார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. அடுத்த ஆண்டு 38 பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில், 1968இல், அந்த நுழைவுத் தேர்வையே ஒழிப்பதாக அரசு அறிவித்தது. சியோலில் 1969 முதல் குலுக்கல் வந்தது. 1974இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் அதைப் போன்ற ஏற்பாடு. டியூஷன் அதோடு சாகவில்லை. பல்கலைக்கழகத் தேர்வைப் பிடித்துக்கொண்டு இன்னும் பெரிதாக வளர்ந்தது. ஆகவே தேர்வை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையிலிருந்து பாரத்தை இறக்கிவைக்க ஓர் அரசால் முடியும் என்பதற்கு மட்டும் கொரியா சாட்சி.

இப்போது ஏழைப் பிள்ளை வாதம். தேர்வு என்பது சாதி பார்க்காத, பணம் பார்க்காத வாசல் என்கிறார்கள். கட்டணம் கட்டிப் பயிற்சி எடுத்த பிள்ளையும் எடுக்காத பிள்ளையும் ஒரே தாளை எழுதும்போது பணம் பார்க்கப்படவில்லை என்று சொல்வது வேடிக்கை. ஆனாலும் என்எம்எம்எஸ் தேர்வை எடுத்துக்காட்டுவார்கள். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2008இல் தொடங்கிய மத்திய உதவித்தொகைத் திட்டம் அது. அரசு, உள்ளாட்சி, உதவிபெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும், ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் எழுதலாம். தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 6,695 இடம். வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. சனிக்கிழமைகளிலும் பள்ளிக்கு வந்து இதற்காகப் பிள்ளைகளைத் தயார்செய்யும் ஆசிரியர்களை நான் மதிக்கிறேன். பிள்ளை எழுதட்டும், வாங்கட்டும்.

ஆனால் அந்தத் தேர்வு எந்தப் பள்ளியிலும் சீட் தருவதில்லை. பிள்ளை தன் பள்ளியிலேயே தொடர்ந்து படிப்பதற்காகத் தரும் பணம் அது. தனியார் பள்ளிக்குப் போனால் நின்றுவிடும். மொத்தம் 180 கேள்விகளில் பாடமாகக் கணக்கு என்று வருவது 20தான். இதைக் காட்டி ஆறாம் வகுப்புக் கணக்கு கோச்சிங்கை நியாயப்படுத்துகிறவர்கள் தேர்வின் விதிகளைப் படிக்கவில்லை. பணத்தையும் சீட்டையும் ஒரே தேர்வில் கட்டிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த பரீட்சை அது. இன்று யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பத்து வயதுப் பிள்ளைகளை டியூட்டரிக்கு விரட்டுகிறது. புகழ்பெற்ற பள்ளிகளின் வெட்டுப்புள்ளியை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள்.

நம் அரசின் மாதிரிப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் இந்தப் பள்ளிகள் மாவட்டத்துக்கு ஒன்றாக வந்துவிட்டன. அங்கிருந்து ஐஐடி போகும் பிள்ளைகளைப் பார்த்து எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஜவ்வாது மலையடிவாரத்து உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் கேள்வி கேட்கும் இரண்டு பிள்ளைகளையும் பஸ் ஏற்றிவிட்டால், மிச்சம் இருக்கும் முப்பது பேருக்கு முன்னால் கை தூக்க யார் இருக்கிறார்கள்? தனியார் பள்ளி ஆள்பிடித்தால் வியாபாரம், அரசு ஆள்பிடித்தால் சமூக நீதி என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எல்லாம் சொன்ன பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். “ஊரே ஓடும்போது என் பிள்ளையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்றீங்களா?” நியாயமான கேள்வி. வேறு மாநிலமாக இருந்தால் எனக்குப் பதில் சொல்வது கடினம். தமிழ்நாட்டில் எளிது. இங்கே பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் தரவரிசை. ஃபவுண்டேஷன் பலகை காட்டும் ஐஐடிகளில் நாடு முழுவதுக்குமே ஏறத்தாழ 18,000 இடங்கள்தான். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. பொறியியலில் அதன்கீழ் சேருவோருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போனதும் பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண், ஆண்பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளியின் ‘ஸ்காலர்ஷிப் டெஸ்ட்’ வென்று, பாதிக் கட்டணச் சலுகைக்காக அரசுப் பள்ளியை விட்டுப் போகும் பிள்ளை இத்தனையையும் இழக்கிறது. போளூர் சாலைப் பலகையில் இந்தக் கணக்கை யாரும் அச்சிடுவதில்லை. கைபேசியில் அந்த எண்ணைப் பதிந்துகொண்ட அப்பா, அழைப்பதற்கு முன் தன் பிள்ளை படிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்குப் போய், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை பீரியட் நடக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழு எப்போது கூடுகிறது என்று தலைமையாசிரியரிடம் கேட்கட்டும். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், கோச்சிங்குக்குக் கட்ட எடுத்துவைத்த பணத்தோடு வீட்டுக்குத் திரும்பி, மற்ற பெற்றோரையும் கூட்டிக்கொண்டு மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதட்டும்.